சூலியாத் தெருவின் வாரிசுகள்

அரபு மதரஸாவில் ஓதுகிறவர் எவரும் ஒருநாள் ஃபராயிள் என்னும் பாகப் பிரிவினைக் கல்வியின் வாயிலுக்கு வந்தே தீருவர். மரித்தவர் விட்டுச் சென்ற பொருளில் யாருக்கு எவ்வளவு உரியது என்று கணக்கிட்டு உரைக்கும் அக்கல்வியை இச்சிறியேன் 27 ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு எளிதில் விளங்க வேண்டும் என்பதற்காக, முதற் பாடத்தில் என் பாட்டனாரின் சொத்தையே உதாரணமாக எடுத்துக் கொள்வது என் வழக்கம்.

மரித்தவருக்கு ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை 24 கூறாக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. கூட்டிப் பார்த்தால் 24. ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் குறையாது. கரும்பலகையில் இதனை எழுதி முடித்து, "பார்த்தீர்களா, எவ்வளவு அழகாக முடிகிறது!" என்று ஆண்டுதோறும் சொல்லி வந்தேன்.

அக்கணக்கு பிழையானது. அதை எனக்கு உணர்த்தியது ஒரு கிதாபும் அன்று. ஓர் உஸ்தாதும் அல்லர். கடலுக்கு அப்பால், பினாங்கு நகரில் உள்ள ஒரு தெரு.

பினாங்குப் பெட்டி

எங்கள் ஊர் நாகூர். எங்கள் குடும்பம் சபராளிக் குடும்பம். ஸஃபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். அதுவே நம் கடற்கரை ஊர்களின் நாவில் சபர் ஆகி, பிழைப்புக்காகக் கடல் கடந்தவரைச் சபராளி என்று அழைக்கும் வழக்கையும் தந்தது. என் பாட்டனார் 1927ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு சென்றார். 1926இல் கட்டப் பெற்று, 1973 வரை நம் கரைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய அக்கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் எங்கள் ஊர் முதியவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, கடல் காற்றில் நனைந்து சென்ற தலைமுறை அது.

பாட்டனார் சூலியாத் தெருவில் ஒரு கைலிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் கணக்கெழுதி, இறுதியில் சொந்தமாகச் சிறு கடை வைத்தார். மூன்றாண்டுக்கு ஒருமுறை, நான்காண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார். 1962இல் ஊர் வந்தவர் நோயுற்று இங்கேயே காலமானார். அவர் முகத்தை நான் கண்டதில்லை. நான் பிறந்தது 1968இல்.

என் தந்தையார் 2021இல் மறுமை எய்தினார். அவர் உயிரோடிருந்த வரையில் எவரும் திறவாத ஒரு தகரப் பெட்டி எங்கள் வீட்டு மச்சில் இருந்தது. வீட்டார் அதனைப் பினாங்குப் பெட்டி என்பர். கத்தம் பாத்திஹா எல்லாம் முடிந்த பின் நானும் என் தம்பியும் அதனைத் திறந்தோம். பழைய கடைக் கணக்கேடுகள், ஒரு துருக்கித் தொப்பி, அறபுத் தமிழில் எழுதிய சில கடிதங்கள், 1963ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நகல். அப்பத்திரத்தின் மடிப்புக்குள் ஒரு நீல நிற விமானக் கடிதம் இருந்தது.

அக்கடிதம் அரபு எழுத்தில் இருந்தது; ஆனால் அரபு மொழியில் இல்லை. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அறபுத் தமிழ் என்றது போலவே, மலாய் மக்கள் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதி ஜாவி என்றனர். அரபியில் இல்லாத ஓசைகளுக்காக நம்மவரும் அவர்களும் எழுத்துகளின் மேலும் கீழும் புதிய புள்ளிகளை இட்டுக் கொண்டனர். எனவே அக்கடிதத்தை முதல் வரியிலிருந்து இறுதி வரை என்னால் ஓசை பிசகாமல் ஓத முடிந்தது, பொருள்தான் விளங்கவில்லை. குர்ஆனைப் பொருளறியாது ஓதும் நம் வீட்டுப் பெண்களின் நிலை அன்று எனக்கும் வந்தது. ஆயினும் இடையிடையே தெரிந்த முகங்கள் சில தென்பட்டன. 'ஸலாம்' இருந்தது. 'வாரிஸ்' என்னும் சொல் இரண்டு இடத்தில் இருந்தது. 'ஹக்' என்னும் சொல் ஓரிடத்தில் இருந்தது.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பினாங்கில் பணியில் இருந்தார். அவருக்குக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் அவர் தொலைபேசியில் பேசினார். வழக்கமாக உரக்கப் பேசுபவர், அன்று மெதுவாகப் பேசினார். "ஹஜ்ரத், இது உங்கள் பாட்டனாரின் மனைவி எழுதிய கடிதம். இங்கேயுள்ள மனைவி. மூத்தவருக்கு ஸலாம் சொல்லியிருக்கிறார். தமக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறார். 16 வயதில் ஒரு மகள் இருக்கிறாளாம். அவளும் வாரிசு, அவளுக்கு ஹக் உண்டு, அவளை மறந்துவிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்."

கடிதத்தின் தேதி 1963 மார்ச். பாகப் பத்திரத்தின் தேதி 1963 ஆகஸ்ட்.

என் தந்தையார் குர்ஆன் ஓதத் தெரிந்தவர். அவருக்கும் மலாய் தெரியாது. ஆனால் வாரிஸ், ஹக் என்ற இரண்டு சொற்களும் என் கண்ணில் பட்டது போலவே அவர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். அவர் அக்கடிதத்துக்கு மறுமொழி எழுதவில்லை. அதனைக் கிழித்தும் போடவில்லை. 58 ஆண்டுகள் பாகப் பத்திரத்தின் மடிப்பிலேயே வைத்திருந்தார்.

தெருவின் கதை

2023ஆம் ஆண்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு சென்றேன். கடிதத்தில் இருந்த முகவரி, சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் உள்ள நாகூர் தர்காவின் அருகில் ஒரு வீடு. அந்த முகவரியைத் தேடி மூன்று நாட்கள் அத்தெருவில் மேலும் கீழும் நடந்தேன். நடக்க நடக்க, அத்தெருவின் வரலாறும் எனக்கு வசப்படலாயிற்று.

பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டு, ஜார்ஜ் டவுன் நகரை அமைத்தார். நகரின் முதல் எல்லைகளாக நான்கு தெருக்கள் வகுக்கப் பெற்றன. அவற்றுள் மூன்று லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு என்பன. நான்காவது மலபார்த் தெரு. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையே மலபாரிகள் என்றனர். அத்தெருவே பின்னர் சூலியாத் தெரு ஆயிற்று. சூலியா என்பது சோழ மண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நாட்டில் வழங்கிய பெயர். ஆக, அந்நகரம் பிறந்த அன்றே அதன் நான்கு எல்லைகளில் ஒன்று நம்மவரின் எல்லையாக இருந்தது.

லைட் துரை தம் இறுதிக் காலத்தில் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பொன்றில் நம்மவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 1,000 சூலியாக்கள் தீவில் குடியேறியிருந்தனர். அவர்களிற் சிலர் குடும்பத்தோடு இருந்தனர். இவர்களன்றி ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து, வாணிபமும் கூலி வேலையும் செய்து, சில வெள்ளிகளைச் சேர்த்துக் கொண்டு ஊர் திரும்புவர். அவர்கள் போனதும் அடுத்தவர் வருவர். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நம் சபராளி வாழ்க்கை முழுவதும் அந்தச் சில வரிகளில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. வருவர், சேர்ப்பர், திரும்புவர், அடுத்தவர் வருவர். அக்குறிப்பில் இடம்பெறாதது ஒன்றுண்டு. திரும்பியவர் அங்கே விட்டுச் சென்றது என்ன என்பது.

தெருவின் கீழ்க்கோடி கடலை நோக்கியது. கடலோரப் பகுதியை 'காட்' என்கின்றனர். படித்துறையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் அது. கடற்கரைத் தெரு என்னும் பெயர் வெறும் பெயரன்று. முற்காலத்தில் அலை அங்கேதான் வந்து மோதிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின்னரே இப்போதுள்ள துறைமுகச் சாலை உருவாயிற்று. நம்மவர் தோணிகளில் இறங்கி, ஈரத் துணியோடு ஏறி வந்த வழி அது.

அங்கிருந்து மேற்கே சிறிது நடந்தால் கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப் பெற்றது. ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது எங்கள் ஊரில். அங்கே இருப்பது, கடல் கடந்தவர் தம் நன்றியையும் ஏக்கத்தையும் வைப்பதற்கென்று எழுப்பிய நினைவகம். தர்கா, ஜியாரத் ஆகியவை பற்றி நம் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை நான் அறிவேன். அவற்றை இங்கே பேச வரவில்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்துப் பழகிய அமைப்பின் சிறு சாயலை, ஆயிரம் கல் தொலைவில், சீனக் கடைகளின் நடுவே கண்டபோது என் கால்கள் சற்றே நின்றன என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன்.

இன்னும் மேலே பிட் தெருச் சந்தியை அடுத்துக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் நம் சமூகத்தின் தலைவராக, கப்பித்தானாக இருந்தார். பள்ளிவாசலுக்கென 1801இல் கம்பெனி நிர்வாகம் 18 ஏக்கர் நிலம் வழங்கிற்று. அவ்வளவு நிலம் ஒரு பள்ளிவாசலின் சுவர்களுக்கு வேண்டியதன்று. புதிதாய் வந்திறங்குபவர் தங்கவும், மரித்தவரை அடக்கவும், ஏழைகள் குடியிருக்கவும் பயன்பட்டது. இன்று நாம் காணும் பெரிய குவிமாடங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த புதுப்பிப்பில் எழுந்தவை. வக்பு நிலங்களின் நிர்வாகம் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் அமைத்த வாரியத்தின் கைக்குப் போயிற்று. பிட் தெருவின் பெயரே இன்று அப்பள்ளிவாசலின் பெயராக மாறிவிட்டது. அதே தெருவில் 1818இல் முடிந்த ஆங்கிலேயர் தேவாலயமும், சீனரின் கருணைத் தேவி கோயிலும் உள. அடுத்த குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். பாங்கொலியும் மணியோசையும் சாம்பிராணிப் புகையும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் கலக்கின்றன.

சூலியாத் தெருவிலேயே, கப்பலுடைமையாளரும் வள்ளலுமான முஹம்மது மரைக்காயர் நூர்தீன் குடும்பத்தாரின் அடக்கத் தலம் உண்டு. அதே தெருவில் தியோச்சியூ சீனர் 1870இல் கட்டிய குல முன்னோர் கோயிலும் உண்டு. நம்மவர் ஒருகாலத்தில் அங்கே மாடு கட்டியிருந்ததால், ஹொக்கியன் சீனர் இத்தெருவை மாட்டுத் தொழுவம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனராம். ஒரே தெரு: ஆங்கிலேயன் ஏட்டில் ஒரு பெயர், சீனன் வாயில் ஒரு பெயர், நம் வீட்டுக் கடிதங்களில் ஒரு பெயர்.

அஞ்சடியில் ஒரு தேடல்

கடைகளின் முன்னே தூண் வைத்து விட்ட நடைபாதையை நம்மவர் அஞ்சடி என்பர். ஐந்தடி அகலம் என்பதால் வந்த பெயர். அஞ்சடியில் அமர்ந்தே பலர் வாழ்க்கையைத் தொடங்கினர். பீடி, வெற்றிலை, நாணய மாற்று, புத்தகம் என்று ஒரு பலகை அளவே கடை. தோளில் காவடிபோல் கம்பைத் தாங்கி, ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியும் தூக்கிச் சென்று விற்றவரால் வந்த உணவே 'நாசி கண்டார்'. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது காவடிக் கம்பு. மலாய் ஆடவர் உடுத்தும் கைலிக்கு 'பெலிக்காட்' என்று பெயர். அது நம் பழவேற்காட்டின் திரிபு. பாட்டனார் முழம் போட்டு விற்றது அதைத்தான்.

முகவரியில் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு விடுதி இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே வெளிநாட்டு இளைஞர்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் பழைய குடியினரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் குறைவாகவே வைத்திருந்த 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டு முடிவோடு காலாவதியாயிற்று. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அக்கடைகளின் மேல்மாடிகளில் குடியிருந்த எளியவர்கள் மூட்டை கட்டிக் கொண்டு புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயினர். பின்னர் 2008இல் நகரின் பழைய பகுதி உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப் பெற்றது. சுவர்களுக்குப் பாதுகாப்பு வந்த நேரத்தில், சுவர்களுக்குள் இருந்தவர் பலர் போய்விட்டிருந்தனர்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின், தர்காவின் மதிலோடு ஒட்டிய சிறு கடையில் சொங்கோக் என்னும் வெல்வெட் தொப்பி தைத்துக் கொண்டிருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாட்டனாரின் பெயரைச் சொன்னேன். ஊசியை நிறுத்தினார். "கைலிக்கடை நாகூராரா? அவர் மகளா? ஆயர் ஈத்தாமிலே மகன் வீட்டிலே இருக்காங்க. பெருநாளைக்குப் பெருநாள் இங்கே வந்து நிப்பாங்க" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தனை நாள் எங்கே தம்பி இருந்தீங்க?" என்றார்.

55 வயதில், நரைத்த தாடியோடு நிற்கும் என்னைத் தம்பி என்று அழைத்த அவருக்கு விடை சொல்ல எனக்கு இயலவில்லை.

மாமி

மறுநாள் மாணவரை உடன் அழைத்துக் கொண்டு சென்றேன். கதவைத் திறந்தவர் மாமியின் மகன். எனக்கு மச்சான் முறை. நாகூர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் இறுகிற்று. அவர் மலாயில் கேட்டதை மாணவர் சற்றுத் தயங்கியே மொழிபெயர்த்தார்: "எங்களிடம் ஒன்றும் இல்லை. கடையும் போயிற்று. எதைக் கேட்டு வந்திருக்கிறீர்கள்?"

"கேட்டு வரவில்லை, மச்சான். கொடுக்க வேண்டியது இருக்கிறது" என்றேன்.

உள்ளே சாய்வு நாற்காலியில் மாமி அமர்ந்திருந்தார். 76 வயது. மலாய்ப் பெண்களைப் போல் பாஜுவும் முக்காடும். ஆனால் நெற்றியும் புருவமும் என் தந்தையாருடையவை. ஸலாம் சொல்லி, "மாமி, நான் உங்கள் காக்காவின் மகன்" என்றேன். அவர் நீண்ட நேரம் என் கையை விடவில்லை. பதினைந்து வயது வரை தந்தையிடம் கேட்ட தமிழ் அவரிடம் எஞ்சியிருந்தது. மலாய் நடுநடுவே வந்தது.

அவர் சொல்லித்தான் எனக்குப் பல விளங்கின. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசினர். கடை இடிந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, ஊரில் மனைவி மக்கள் உயிரோடு உளரா என்பதை அறியவும் வழியில்லை. ஏறத்தாழ நான்காண்டுகள் அந்நிலை. அக்காலத்தில் பாட்டனாருக்குத் திண்ணையும் கஞ்சியும் தந்து காத்தது ஒரு ஜாவிப் பிரானாக்கான் குடும்பம். தமிழ் முஸ்லிம் ஆடவர்க்கும் மலாய்ப் பெண்டிர்க்கும் பிறந்த வழியினரை அங்கே அப்படி அழைக்கின்றனர். அக்குடும்பத்துப் பெண்ணைத்தான் அவர் நிக்காஹ் செய்தார். மாமி பிறந்தது 1947இல்.

"வாப்பா கந்தூரி முடிஞ்சதும் வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார் மாமி. "மய்யித்தான சேதி கப்பல்காரங்க சொல்லித்தான் தெரியும். உம்மா காகிதம் போட்டாங்க. பதில் வரல்ல. உம்மா 1988லே மவுத்தாயிட்டாங்க."

உள்ளேயிருந்து ஒரு கெஜக்கோலை எடுத்துவரச் சொன்னார். இருமுனையிலும் பித்தளைப் பூண் போட்டது. அதன் அடியில் அறபுத் தமிழில், கத்தி முனையால் கீறிய பாட்டனாரின் பெயர். இதை மட்டும் அவர் எந்த வீடு மாறியபோதும் விடவில்லையாம்.

நான் பாகப் பத்திரத்தின் நகலை எடுத்தேன். மாமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் காகிதத்திலே என் பேர் இருக்கா?"

"இல்லை, மாமி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "எழுதிக் காட்டு" என்றார்.

ஒரு தாளை எடுத்து, 27 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கணக்கை மறுபடி எழுதினேன். இரண்டு மனைவியர், ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவியர் இருவரும் அந்த எட்டில் ஒன்றைச் சமமாகப் பகிர வேண்டும். சொத்தை 32 கூறாக்கினேன். நாகூர்ப் பாட்டியாருக்கு 2. பினாங்குப் பாட்டியாருக்கு 2. என் தந்தையாருக்கு 14. நாகூர் மாமிக்கு 7. பினாங்கு மாமிக்கு 7. பிள்ளைகளின் எண்கள் அப்படியே இருக்கின்றன: அதே 14, அதே 7. கீழே நிற்கும் எண் மட்டும் 24இலிருந்து 32 ஆகிறது.

மாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நாகூர் லாத்தாவுக்கும் ஏழு. எனக்கும் ஏழு. ரெண்டும் ஒண்ணா?"

"ஆம் மாமி. சரிசமம்."

"அப்படின்னா சரி" என்றார். அதன்பின் தேநீர் வந்தது. மச்சானும் வந்து எங்களோடு அமர்ந்தார்.

முப்பத்திரண்டு

ஊர் திரும்பியதும் நாகூர் மாமியிடம் சென்றேன். தந்தையாரின் உடன்பிறந்த தங்கை. அப்போது 84 வயது. நான் சொல்லி முடிக்கும் வரை தஸ்பீஹை உருட்டிக் கொண்டிருந்தவர், "எனக்குத் தெரியும்டா" என்றார். "உன் வாப்பா அந்தக் காகிதத்தைக் காட்டினான். உம்மா ஹயாத்தோட இருக்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். உம்மா தாங்கமாட்டாங்கன்னான்."

பாட்டியார் மறைந்தது 1979இல். தந்தையார் அதன்பின் 42 ஆண்டுகள் வாழ்ந்தார். தாயின் மனம் நோகக் கூடாது என்று எடுத்த மௌனம், தாய் போன பின்பும் கலையவில்லை. பழகிப் போன மௌனத்தைக் கலைப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் உணர்கிறேன். அவருக்காக ஐவேளையும் துஆச் செய்கிறேன். அதன்பொருட்டுக் கணக்கை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

தந்தையார் மிகையாகப் பெற்றது, சொத்தை 96 கூறாக்கினால் அதில் 14, நாகூர் மாமி 7, பாட்டியார் 6. ஆக 27. அதுவே பினாங்கில் இருந்த இருவருக்கும் சேர வேண்டிய, 32இல் 9. நாகூர் மாமி தம் பங்கை உடனே பிரித்து வைத்தார். "தங்கச்சி கேட்டாளா?" என்று மட்டும் ஒருமுறை விசாரித்தார்.

என் சகோதரர் இருவரில் இளையவர் இசைந்தார். மூத்தவர் வளைகுடாவில் இருக்கிறார். 60 ஆண்டு கழிந்தது. எந்தக் கோர்ட்டும் இதனை ஏற்காது. தோப்பை 1991இலேயே விற்றுத் தங்கையின் திருமணம் முடித்தாயிற்று. இருப்பது ஒரு வீடு. இப்போது எதற்கு இந்தக் கிளறல் என்கிறார். அவர் சொல்வதில் உலக நியாயம் உண்டு. ஆனால் காலம் கடந்துவிட்டதால் ஒருவருடைய ஹக் இறைவனிடத்தில் அழிந்துவிடும் என்று நான் ஓதிய கிதாபு எதிலும் கண்டதில்லை. அவர் மனம் இன்னும் இளகவில்லை. என் பங்கில் விழும் தொகையை மட்டும் மூன்று தவணையாக அனுப்பி வருகிறேன். மறைந்த பினாங்குப் பாட்டியாரின் 2 கூறில் பாதி மாமிக்கும், மிகுதி அப்பாட்டியாரின் சகோதரர் வழியினருக்கும் சேரும். அவர்களையும் தேடிக் கொண்டிருக்கிறோம்.

அன்பர்களே, பினாங்கு, ரங்கூன், சைகோன், கொழும்பு என்று நம் முன்னோர் நடந்த தெருக்கள் பல. அத்தெருக்களிலிருந்து வந்த பணத்தில் கட்டிய வீடுகளில்தான் நம்மில் பலர் பிறந்தோம். அத்தெருக்களில் நம் முன்னோர் விட்டுவந்த மனிதர்களை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? உங்கள் வீட்டு மச்சிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கக்கூடும். அதில் விளங்காத மொழியில் ஒரு கடிதம் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துப் படியுங்கள். 18 ஏக்கர் நிலத்தில் முன்பின் அறியாத பயணிக்கு இடங்கொடுத்த கப்பித்தானின் சமூகம் நாம். நம் சொந்தத் தங்கைக்கு 32இல் 7 கூறு கொடுக்க நமக்கு என்ன தடை?

இவ்வாண்டு ஃபராயிள் பாடம் தொடங்கிய அன்று பழைய உதாரணத்தையே எடுத்தேன். 32 என்று எழுதினேன். சென்ற ஆண்டு அப்பாடத்தில் தவறி, மறுபடி அமர்ந்திருந்த ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், போன வருஷம் 24 என்று சொன்னீர்களே?"

"ஒரு மனைவியையும் ஒரு மகளையும் எண்ணாமல் விட்டிருந்தோம்" என்றேன்.

அவர் தம் பழைய ஏட்டைத் திறந்து, 24ஐ அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக் கொண்டார். வல்ல நாயன் எங்கள் பிழையைப் பொறுத்து, என் மூத்தவரின் மனத்தையும் திறந்து வைப்பானாக. ஆமீன்.